மணிக்கட்டு முத்திரையும் சிவப்புச் சீட்டும்

குடியுரிமை என்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்று குடியியற் பாடநூல்கள் கூறுகின்றன. அக்கடமை யார்மீது விழுகிறது, யார் அதினின்றும் விலகிச் செல்கின்றனர் என்பதை அவை கூறுவதில்லை. அதனைச் சரித்திரத்திலேதான் நாம் தேடவேண்டும். தாய்லாந்தின் கட்டாயப் படைச்சேவை இத்தேடலுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ பிறந்து வளர்ந்து, அந்நாட்டுக் குடியுரிமையோடு தாய்லாந்துக் குடியுரிமையும் கொண்ட இளைஞன் ஒருவனை, அவன் ஒருநாளும் வாழ்ந்திராத ஊரொன்றின் மாவட்ட அலுவலகம் படைக்கு அழைக்க முடிகிறது. இவ்வழைப்பின் வேர் எங்கே உள்ளது என்பதை ஆராய்வோம்.

பழைய சயாமில் நிலத்திற்குப் பஞ்சமில்லை, ஆளுக்கே பஞ்சம். ஆதலால் அரசனின் வலிமை நிலத்தால் அன்றி ஆள்தொகையால் அளக்கப்பட்டது. 'பிரை' எனப்பட்ட சாதாரண குடியானவன் அயோத்தியா அரசின் காலத்தில் ஆண்டுக்கு ஆறு மாதம் ஊழியம் செய்தான். பாங்கொக் அரசு தோன்றிய பின்னர் அது நான்கு மாதமாகவும், பின் மூன்று மாதமாகவும் குறைந்தது. கால்வாய் வெட்டுதல், கோட்டை கட்டுதல், போருக்குச் செல்லுதல் ஆகிய யாவும் இவ்வூழியத்துள் அடங்கும். 1767 முதல் 1782 வரை ஆண்ட தாக்சின் மன்னன் காலத்திலே குடியானவர் தப்பியோடுவதைத் தடுக்கும் பொருட்டு, அவர்தம் மணிக்கட்டில் ஊர்ப்பெயரும் எசமானர் பெயரும் பச்சை குத்தும் முறை கடுமையாக்கப்பட்டது. மனிதனின் தோலே அரசாங்கத்தின் பதிவேடாயிற்று.

சீனக் குடியேறிகளின் நிலை வேறு. அவர்கள் ஊழியத்திற்கு உட்படவில்லை. அதற்கு ஈடாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தலைவரி செலுத்தினர். வரி செலுத்தியதற்கு அடையாளமாக மணிக்கட்டில் கயிறு கட்டி, அதன்மேல் அரக்கு முத்திரை இடப்பட்டது. சயாமிலே பிறந்த சீனனின் மகன் சடை வளர்த்து வரி செலுத்தலாம். அல்லது பச்சை குத்திக்கொண்டு ஓர் எசமானனின் கீழ்ச் செல்லலாம். காசு கொடுத்தவன் கயிற்றை அறுத்தெறிய முடிந்தது. உடலைக் கொடுத்தவனின் முத்திரையோ அழியவில்லை. இவ்வேறுபாட்டை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

1855ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் சார்பில் ஜோன் பௌரிங் செய்த உடன்படிக்கை மூன்றாவதொரு வாயிலைத் திறந்தது. பிரித்தானியப் பிரசைகள் சயாமிய நீதிமன்றங்களுக்கு உட்படாதவராயினர். பிரான்சு முதலிய நாடுகளும் இத்தகைய சலுகையைப் பெற்றன. இதனால் நன்மை பெற்றோர் ஐரோப்பியர் மட்டுமல்லர். பர்மியர், இந்தியர், லாவோசியர், கம்போடியர், சீனர் எனப் பலரும் ஏதேனும் ஒரு கொன்சல் அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அந்நிய வல்லரசின் காப்பில் நின்றனர். சயாமிலே வாழ்ந்துகொண்டே சயாமின் பிடிக்கு வெளியே இருப்பதற்கு ஒரு கடதாசி போதுமாயிற்று. பிரான்சுடன் 1907இலும் பிரித்தானியாவுடன் 1909இலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகள் அவ்வல்லரசுகளின் ஆசியப் பிரசைகளைச் சயாமிய நீதிமன்றங்களை நோக்கி நகர்த்தின. எனினும் படைச்சேவையிலிருந்து அவர்களுக்கு விலக்களித்தன.

இதற்கிடையில் 1905ஆம் ஆண்டு வந்தது. சுலாலங்கோர்ண் மன்னன் அவ்வாண்டிலேயே அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தையும் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தையும் பிறப்பித்தான். எசமானனின் உடைமையாயிருந்த குடியானவன் அரசின் குடிமகனானது முன்னேற்றமே. அதனை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் பின்னணியையும் நாம் காணவேண்டும். 1902இல் வடக்கே பிரே நகரில் ஷான் மக்களும், வடகிழக்கே வறிய குடியானவர்களும் கிளர்ந்தெழுந்தனர். நிலையான படையொன்றின் தேவையை அரசு அக்கிளர்ச்சிகளின்போது உணர்ந்தது. புதிய படையின் முகம் எல்லைப்புறத்தை நோக்கியதாய் மட்டும் அமையவில்லை. உள்நாட்டு வயல்வெளியையும் அது நோக்கியது.

படைக்கு ஆள் எடுக்க வேண்டுமாயின், யார் தன் ஆள் என்பதை அரசு வரையறுத்தாக வேண்டும். 1909இல் சீனப் பேரரசு ஒரு சட்டம் இயற்றி, சீனத் தந்தைக்கு எங்கே பிறந்தவனும் சீனனே என்றது. 1913இல் சயாம் தன் முதலாவது குடியுரிமைச் சட்டத்தை இயற்றி, சயாமில் பிறந்தவன் சயாமியன் என்றது. சயாமியத் தந்தைக்கு உலகின் எப்பகுதியிற் பிறந்தவனும் சயாமியனே என்றும் கூறிற்று. இவ்விரு சட்டங்களுக்குமிடையே பாங்கொக்கின் சீனத் தெருக்களிற் பிறந்த பிள்ளை இரு நாடுகளுக்கும் உரியதாயிற்று. இரட்டைக் குடியுரிமை என்பது அண்மைக்காலப் புதுமையன்று. இரண்டு அரசுகள் ஒரே மனிதனுக்குக் கைநீட்டியபோதே அது பிறந்துவிட்டது.

இன்றைய முறை 1954ஆம் ஆண்டுப் படைச்சேவைச் சட்டத்தின் வழிப்பட்டது. தாய்லாந்துக் குடியுரிமை உடைய ஆண் பதினெட்டாம் வயதை அடையும் ஆண்டில் தன் பெயரைப் பதிதல் வேண்டும். இருபத்தோராம் வயதில் அழைப்பு வருகிறது. ஏப்பிரல் மாதத்திலே கோவில் மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் கூட்டம் கூடுகிறது. தொண்டர்களால் நிரம்பாத இடங்களுக்குச் சீட்டெடுப்பு நடக்கிறது. கறுப்புச் சீட்டு எடுத்தவன் வீடு திரும்புகிறான். சிவப்புச் சீட்டு எடுத்தவன் படைமுகாமுக்குச் செல்கிறான். அழைப்பை ஏற்று வாராதவனுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம்.

சீட்டுப் பெட்டி எல்லோருக்கும் பொதுவானது போலத் தோன்றும். ஆனால் அதன் முன்னால் நிற்பவர் எல்லோரும் அல்லர். உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டுப் படைப்பயிற்சி பெற்றவன் சீட்டெடுக்க வேண்டியதில்லை. பட்டதாரி சிவப்புச் சீட்டு எடுத்தால் ஓராண்டுச் சேவை. தானே முன்வந்தால் ஆறு மாதம். இடையிலே படிப்பை விட்டு வயலுக்கோ தொழிற்சாலைக்கோ சென்றவனுக்கு இரண்டு முழு ஆண்டுகள். சட்டம் கல்வியைப் பார்க்கிறது. கல்வியோ பெரிதும் தந்தையின் வருவாயைப் பார்க்கிறது.

கடல்கடந்தோரின் வினா இவ்விடத்திலேதான் எழுகிறது. 1965ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் தந்தை வழியாகவே உரிமை வழங்கிற்று. 1992இல் செய்யப்பட்ட திருத்தம் தாய்க்கும் அவ்வுரிமையை அளித்தது. முன்னரே பிறந்தோர்க்கும் அது பொருந்திற்று. ஐரோப்பாவுக்கு மணமுடித்தும் உழைக்கவும் சென்ற பெண்கள் பலரின் பிள்ளைகள் இதனால் தாய்லாந்தினர் ஆயினர். பெண்ணுக்குக் கிடைத்த இந்த நீதி வரவேற்கத்தக்கதே. ஆனால் தாயின் உரிமையோடு படைக்கடமையும் மகனைச் சென்றடைந்தது.

பாட்டியின் கிராமத்து வீட்டுப் பதிவேட்டிலே பெயர் ஏறினால் அவன் அடையாள அட்டை பெறலாம். அந்நியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் நாட்டிலே தாயின் வயலுக்கு உரியவனும் ஆகலாம். அதே பதிவேட்டைக் கொண்டே மாவட்ட அலுவலகம் அவனைப் படைக்கும் அழைக்கிறது. வெளிநாட்டில் கற்போர் தவணை கோரலாம். ஆனால் வேறொரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பது மட்டும் விலக்காகாது. வசதியும் தகவலும் உடையவன், இருபதுகளைப் பிறநாட்டிலே கழித்து, முப்பது வயதின் பின்னர் தன் பெயரைப் பதிந்து, சீட்டெடுக்காமலே சேமப்படைப் பட்டியலில் இடம்பெறுகிறான். அன்றைய கொன்சலின் கடதாசி செய்த வேலையை இன்று இரண்டாவது கடவுச்சீட்டுச் செய்கிறது. தகவல் அறியாத தொழிலாளியின் மகனோ, நோயுற்ற பாட்டியைக் காணச் செல்வதற்கும் அஞ்சுகிறான்.

இதற்குப் பரிகாரம் யாது? வலையை இறுக்கிக் கடல்கடந்தோரையும் பிடித்தால் சமத்துவம் வந்துவிடும் என்று சிலர் கூறலாம். நாம் அதனை ஏற்கமாட்டோம். பல குடியுரிமை உடையவன் எந்நாட்டில் வாழ்ந்து, எதனோடு மிக நெருங்கிய தொடர்புடையவனாய் இருக்கிறானோ, அந்நாடல்லாத ஏனையவற்றின் படைக்கடமை அவனுக்கில்லை என்ற கோட்பாடு 1930இல் ஹேக் நகரிலேயே ஓர் உடன்படிக்கையாக எழுதப்பட்டது. அது நியாயமானது. ஆனால் அந்த நியாயத்தோடு நின்றுவிட்டால், ஒரே குடியுரிமையும் ஒரே வயலும் உடைய வடகிழக்குக் குடியானவனின் மகனுக்கு நாம் கூறுவது என்ன? அவன் செல்வதற்கு இரண்டாவது நாடு கிடையாது.

கட்டாயச் சேவையை ஒழித்துத் தன்விருப்பப் படையை அமைக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்காலத்தை நோக்கி என்னும் கட்சி கோரியது. 2023இல் அதன் வழிவந்த முன்னேறுவோம் கட்சி அக்கோரிக்கையை மீண்டும் எழுப்பி, ஏனைய கட்சிகளை விட மிகுதியான ஆசனங்களை வென்றது. முன்னையது 2020இலும் பின்னையது 2024இலும் நீதிமன்றத் தீர்ப்பால் கலைக்கப்பட்டன. அத்தீர்ப்புகளுக்குக் கூறப்பட்ட காரணங்கள் வேறு. ஆனால் அக்கோரிக்கைக்கு வாக்களித்த மக்களை எந்தத் தீர்ப்பும் கலைக்கவில்லை.

மணிக்கட்டுப் பச்சை ஒருநாள் மறையும் என்று அயோத்தியாவின் குடியானவன் எண்ணியிருக்க மாட்டான். அது மறைந்தது. சிவப்புச் சீட்டும் இயற்கையின் நியதியன்று. மனிதர் இயற்றிய சட்டம். அதனை மாற்றுவதும் மனிதர் கையிலேயே இருக்கிறது.