எடைக்கட்டி இருந்த இடத்தில் ஒரு பெட்டி

1961 டிசம்பர் 12 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் ஏவுதளத்திலிருந்து தோர்-அஜீனா ஏவூர்தி ஒன்று டிஸ்கவரர் 36-ஐச் சுமந்து புறப்பட்டது. டிஸ்கவரர் என்பது வெளியுலகுக்குச் சொல்லப்பட்ட அறிவியல் பெயர். அதன் உண்மைப் பணி உளவுப் படம் எடுப்பது என்பதும், அத்திட்டத்தின் பெயர் கொரோனா என்பதும் 1995-இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தன. அந்த ஏவூர்தியில் எடைச் சமநிலைக்காக வைக்கப்படும் வெற்று எடைக்கட்டியின் இடத்தில், ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. வானொலி ஆர்வலர்களான ஹாம்கள் கட்டிய முதல் செயற்கைக்கோளான ஆஸ்கார் 1 அதுவே. யாரும் கேட்கலாம் என்று ஒலிபரப்பிய பெட்டி, யாருக்கும் தெரியக்கூடாத ஒரு செயற்கைக்கோளின் துணையாக விண்ணேறியது.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 1959 ஏப்ரலில், டான் ஸ்டோனர் என்னும் ஹாம் ஒரு வானொலி இதழில் ‘உபரி ராக்கெட் யாரிடமேனும் உண்டா’ என்ற பொருளில் பாதி விளையாட்டாகக் கேட்டிருந்தார். அதைக் கலிபோர்னிய நண்பர் குழு ஒன்று மெய்யாகவே எடுத்துக்கொண்டது. சூரியத் தகடுகள் இல்லை. மின்கலம் தீரும்வரைதான் ஆயுள். பெட்டியை ஏவூர்தியிலிருந்து தள்ளிவிடும் சுருள்வில், சியர்ஸ் கடையில் ஒரு டாலர் சொச்சத்துக்கு வாங்கப்பட்டது. ஒலிபரப்பின் திறனோ 140 மில்லிவாட். கைவிளக்கின் சிறு பல்பு உண்ணும் மின்சாரத்துக்கும் குறைவு.

அப்பெட்டி சொன்னது ஒரே சொல்: மோர்ஸ் குறியீட்டில் ‘ஹாய்’. நான்கு புள்ளிகள், பின் இரண்டு புள்ளிகள். (ஹாம்களின் வழக்கில் இது சிரிப்பொலிக்கும் குறி.) அச்சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வேகம் பெட்டியின் உள்வெப்பநிலைக்கேற்ப மாறும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே கடிகாரமும் ஏற்பியும் வைத்திருந்த எவரும் அதன் வெப்பநிலையைக் கணக்கிட முடிந்தது. மூன்று வாரத்தில் குரல் ஓய்வதற்குள், 28 நாடுகளைச் சேர்ந்த 570-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் தாம் கேட்டதை எழுதியனுப்பினர். விலையுயர்ந்த பகுதி விண்ணில் இல்லை. அது பல நாடுகளில், ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கருவிகளாகவும் உறக்கம் துறந்த மனிதர்களாகவும் பூமியிலேயே இருந்தது. இன்னொன்றையும் மறைக்கலாகாது. கட்டியவர்களுள் பலர் வான்வெளித் துறையில் பணியாற்றியவர்கள், ஏவுசெலவு இராணுவத்தினுடையது. ‘மலிவான செயற்கைக்கோள்’ என்று வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தியாவில் இக்கடனை மறைக்க வேண்டிய தேவை எழவில்லை. அங்கு ஏவியதும் உடன்நின்று கட்டியதும் அரசு நிறுவனமே. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகப் புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி6, 1,560 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-1-உடன் 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட்டையும் கொண்டுசென்றது. அந்நாளைப் பற்றிய பதிவுகளில் புதிய ஏவுதளமும் நிலப்படமெடுக்கும் கார்ட்டோசாட்டும் முன்னிற்கின்றன. ஹாம்சாட் பெரும்பாலும் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குள் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்று இஸ்ரோவின் துணையோடு இந்திய ஆர்வலர்கள் பங்கேற்று உருவாக்கியது. மற்றொன்றை நெதர்லாந்தின் வெண்லோ நகரில் பொறியியல் பயின்ற வில்லியம் லெய்னார் என்ற மாணவர் உருவாக்கினார். 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மேலேறும் குரல்களை அப்படியே 145 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றித் திருப்பியனுப்புவதே அவற்றின் வேலை. எந்தக் குரல், எந்த மொழி என்று கருவி பிரித்தறிவதில்லை. ஒரே வேளையில் பலர் பேசலாம். ஆனால் ஒருவர் திறனைக் கூட்டினால் மற்றவர் குரல்கள் அமுங்கும். எனவே அண்டை நாட்டானின் பலவீனமான குறிகைக்கு இடம்விடுவது பயனர்களின் ஒழுக்கத்தையே சார்ந்திருந்தது. செயற்கைக்கோள் நெருங்கும்போது ஏறியும் விலகும்போது இறங்கியும் மாறும் டாப்ளர் பெயர்ச்சியைத் திருத்திக்கொண்டே, கையில் பிடித்த யாகி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே பேச வேண்டும். ஒரு கடப்புக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். பாடநூல் பக்கத்தில் சமன்பாடாக நிற்கும் டாப்ளர் விளைவை மாணவன் காதால் கேட்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த ஆய்வகம் அரிது.

இரண்டாண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்ட ஹாம்சாட், ஒன்பது ஆண்டுகள் உழைத்தது. லித்தியம்-அயனி மின்கலம் பழுதுற்றதால் 2014 ஜூலை 11 அன்று அதன் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மின்கலத்தால் மாண்டது என்ற அளவில் இதற்கொரு மூத்த உறவும் உண்டு. 1974 நவம்பரில் ஏவப்பட்ட ஆஸ்கார் 7, மின்கலத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு 1981-இல் மௌனமாயிற்று. 2002 ஜூன் 21 அன்று அதன் குரல் மறுபடி கேட்டது. பழுதுற்ற மின்கலத்தின் இணைப்பு அறுந்து திறந்துபோனதால், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிகளை அடைந்ததே காரணம் எனக் கருதப்படுகிறது. பகலொளி பட்டால் பேசும். பூமியின் நிழலுள் நுழைந்தால் அடங்கும். வெளிவந்ததும் தானே மீண்டும் தொடங்கும்.