கரிவாயுப் பேருந்துகள்

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகள் அழிக்கப்பட்டபின் நெருக்கடி முற்றியது. பேருந்துகளும் லாரிகளும் கரிவாயுவுக்கு மாறின. மதுரையைச் சேர்ந்த டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கருவியைத் தயாரித்தது.

வண்டியில் பொருத்திய உலையில் மரக்கரி குறைந்த காற்றில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதுவே எரிபொருள், மணமற்ற நஞ்சும் இதுவே. மூடிய கொட்டகையில் உலை மூட்டுவது உயிருக்கே ஆபத்து.

உலையைப் பொருத்தினால் மட்டும் வண்டி ஒழுங்காக ஓடாது. பெட்ரோல் ஆவியைவிட இவ்வாயு மெதுவாக எரியும். ஆகவே ஸ்பார்க் பிளக் முன்கூட்டியே பொறி விடுமாறு டைமிங்கை மாற்ற வேண்டும். வாயுவில் ஏறத்தாழ பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். மேடு ஏறுவது பெரும்பாடுதான். சிலிண்டர் ஹெட்டைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்தினால் இழந்த திறனில் ஓரளவு மீளும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் சாம்பலும் தாரும் வால்வுகளிலும் பிளக்கிலும் படியும்.

போருக்குப்பின் பெட்ரோல் மீண்டும் கிடைத்ததும் உலைகள் கழற்றப்பட்டன. டைமிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிது. சீவிய ஹெட்டை அப்படி மாற்ற முடியாது. அக்காலத்துத் தரம் குறைந்த பெட்ரோலில் அத்தகைய எஞ்சின் 'நாக்கிங்' அடிக்கும்.