வெண்ணெய் சென்ற பனிப்பாதை

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கைக் குளிர்காலத்தில் பென்சி லா கணவாயின் பனி அடைத்துவிடும். முன்பு அக்காலத்தில் லே நகருக்குச் செல்ல எஞ்சிய வழி, உறைந்த சன்ஸ்கார் நதியாகவே இருந்தது. அதற்குச் 'சாதர்' என்று பெயர். விரிப்பு என்று பொருள். சன்ஸ்காரிகள் அதன்மீது வெண்ணெய் சுமந்து பல நாள் நடந்தனர். மடாலய விளக்குகளுக்கும் உப்புத் தேநீருக்கும் வெண்ணெய் வேண்டுமே! இரவில் குகைகளில் தங்கினர். பனி உடைந்த இடங்களில் செங்குத்துப் பாறையைப் பற்றிக் கடந்தனர்.

1974இல் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பின்னாளில் இந்நடை 'சாகசப் பயணம்' ஆயிற்று (அச்சொல் சன்ஸ்காரிகளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்). முதுகில் வெண்ணெய் இருந்த இடத்தில் பயணிகளின் கூடாரங்கள் ஏறின.

2024இல் நிம்மு–பதும்–தார்ச்சா சாலை இணைக்கப்பட்டது. சாதர் அழிகிறதே என்று வருந்துவோர் பெரும்பாலும் வெளியாட்கள். சன்ஸ்காரிகளுக்கோ, கடுங்குளிரில் நோயாளியை லேவுக்குக் கொண்டுசெல்ல அதுவரை நதியோ ஹெலிகாப்டரோதான் இருந்தது.