தோடம்பழ நிறமா, செம்மஞ்சளா?

உடுப்பிட்டியில் ஒரு சேலையைக் காட்டி “இது என்ன நிறம்?” என்று கேட்டால் ஒரே வீட்டில் மூன்று விடை வரலாம். ஆச்சி தோடம்பழ நிறம் என்பார். பேத்தி பள்ளிப் புத்தகப்படி செம்மஞ்சள் என்பாள். சேலை வாங்கி வந்தவர் ஒரேஞ்ச் என்பார்.

அதிகம் ஊர் சுற்றியது மூன்றாவது பெயர். அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் பழைய பிரெஞ்சு, அரபியில் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தில் ‘நாரங்’, சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’ என்று வரும். அதற்கும் அடியில் கிடப்பது திராவிடச் சொல் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நம்முடைய நாரத்தையும் மலையாள நாரங்ஙாவும் அந்தக் குடும்பம்தான். ‘நறுமணம்’ தந்த பெயர் என்று சொல்வாரும் உண்டு; ஆனால் நாரத்தையில் இருப்பது இடையின ரகரம், நறுமணத்தில் வல்லின றகரம். அந்த முடிச்சு இறுகாது.

ஆங்கிலத்தில் ஒரேஞ்ச் நெடுங்காலம் வெறும் பழம்தான். நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஒட்டவைத்த ஒரு கூட்டுச்சொல் இருந்தது. நம் செம்மஞ்சளேதான்! 1704இல் வெளியான தமது ஒளியியல் நூலில் நியூட்டன் ஏழு நிறங்களை எண்ணியபோது பழத்தின் பெயர் நிலைபெற்றுவிட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரின் ஒரேஞ்ச் அரச குடும்பம் வேறு கதை. அது பிரான்சின் தெற்கிலுள்ள ஓர் ஊரின் பெயர், பழத்தோடு பிறப்பால் உறவில்லை.

தோடம்பழ நிறத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நம் நாட்டுத் தோடம்பழம் பழுத்தாலும் தோல் பெரும்பாலும் பச்சைதான்; பிபிலைத் தோட்டத்துப் பழத்தைப் பாருங்கள். இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் தோலின் பச்சையம் சிதைந்து உள்ளிருக்கும் நிறம் வெளியே தெரியும். சிங்களவர் இந்த நிறத்துக்குச் செவ்விளநீரின் பெயரை வைத்து ‘தெம்பிலி’ என்கிறார்கள். கண்ணால் கண்டு வைத்த பெயர். வடமராட்சியில் அப்படி ஒரு பெயர் வேண்டுமென்றால் பனம்பழம் இருக்கிறது. கறுத்த தோலை உரித்துக் களியைப் பிசைந்தால் கையெல்லாம் அந்த நிறம். களியிலுள்ள கரோட்டினொயிட்டுகள் வெயிலின் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது.

போன் திரையில் கதை நேர் எதிர். அங்கே எதுவும் கழிவதில்லை, ஒளியோடு ஒளி கூடுகிறது. திரையில் ஒரு சிறு சொட்டுத் தண்ணீர் விட்டு உற்றுப் பாருங்கள்: சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டுமே. மஞ்சள் புள்ளி கிடையாது. சிவப்பும் பச்சையும் முழு அளவில் எரிந்தால் கண் மஞ்சள் என்கிறது. சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0 என்று கொடுத்தால் ஒரேஞ்ச் என்கிறது. 600 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒற்றை ஒளியையும் அது அப்படியே சொல்லும். விழித்திரையில் நிறம் அறியும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. அவை எந்த விகிதத்தில் தூண்டப்பட்டன என்பதே மூளைக்குப் போகிறது. விகிதம் ஒன்றானால், வந்தது ஒற்றை ஒளியா கலவையா என்று மூளைக்குத் தெரியாது.

இனிச் செம்மஞ்சளைப் பிரித்துப் பாருங்கள்: செம்மை, மஞ்சள். திரையின் மஞ்சளே சிவப்பும் பச்சையும்தான். அதில் இன்னும் சிவப்பு சேர்ந்தால் பச்சையின் பங்கு குறையும், செம்மஞ்சள் வரும். வர்ணக் கட்டியைக் குழைத்தாலும் சிவப்போடு மஞ்சள் சேர்ந்து அதே நிறம்தான். ஒளிக்கும் சாயத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் நிறப்பெயர் எளிதில் அமைவதில்லை.

ஒரேஞ்ச் என்று சொல்வதில் குற்றமில்லை, அதுவும் ஒருவகையில் நம் வீட்டுச் சொல்தான். ஆனால் பிள்ளைக்கு நிறம் கலக்கச் சொல்லிக்கொடுக்கும் நாளில் செம்மஞ்சள் என்றே சொல்லிக்கொடுங்கள்.