கப்பலுக்கு விளக்கு, வலைக்கு வெள்ளைக் கேன்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

குன்றத்தூருக்கு மாற்றலாகி வருமுன், 1984-ல் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. அங்கே மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் போன வாரம் போன் செய்தான். "டீச்சர், செத்துப் பொழைச்சேன்" என்றான்.

விடியற்காலை மூன்று மணி. ஃபைபர் போட்டில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்குக் கப்பல் வரும் பாதையைக் கடக்கும்போது இன்ஜின் திணறி நின்றுவிட்டது. தண்ணீரில் மிதந்த கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டது. கிழக்கே கப்பலின் விளக்கு நெருங்குகிறது. கூட இருந்தவர் டார்ச் அடித்துக் காட்ட, இவன் குப்புறப் படுத்துக் கத்தியால் கயிற்றை அறுத்திருக்கிறான். இன்ஜின் கிளம்பியது. கயிற்று நுனியில் ஒரு வெள்ளைக் கேன். பேர் இல்லை, நம்பர் இல்லை.

"யாருதுடா அது?" என்றேன்.

"நம்ம ஆளுங்களுதுதான் டீச்சர். நானும் அதே மாதிரி கேன்தான் கட்டுறேன்."

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கதையின் வரலாற்றைச் சொல்கிறேன்.

நண்டு வலை, கூடு எதுவானாலும் அடியில் கிடக்கும். இருக்கும் இடம் தெரிய மேலே ஒரு மிதவை வேண்டும். இவன் அப்பா காலத்தில் மரக்கட்டை மிதந்தது. அவர் போனது கட்டுமரத்தில், துடுப்பும் பாயும்தான். கயிற்றின் மேல் கட்டுமரம் ஏறினாலும் வழுக்கிப் போய்விடும். பருத்தி வலையும் சணல் கயிறும் அறுந்துபோனால் சில மாதத்தில் மக்கிவிடும்.

பிறகு மூன்று மாறின. நைலான் வலை வந்தது, மக்குவதில்லை. பிளாஸ்டிக் கயிறு வந்தது. அதில் ஒரு வகை, பாலிபுரோபிலீன், தண்ணீரைவிட லேசானது. தொய்ந்தால் மேலேயே பாம்பு போல மிதக்கும். மூன்றாவதாக, படகின் பின்னால் இன்ஜின் வந்தது. 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் போட்டுகள் பெருகின. மிதவையின் வேலை மாறவில்லை. ஆனால் சுழலும் விசிறி வந்ததும் அதே கயிறு கண்ணியாகிவிட்டது.

கப்பல் பக்கமும் பாருங்கள். மதராஸில் கப்பலுக்கு வழிகாட்ட 1796-லேயே கோட்டையில் விளக்கு ஏற்றினார்கள். 1844-ல் அதற்கென்று கல்தூண் எழுந்தது. 1894-ல் விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரம் ஏறியது. 1977-ல் மெரினாவுக்கு வந்தது. கடலில் வண்டி ஓட்டும் உலகப் பொது விதிகளும் 1972-ல் எழுதப்பட்டு 1977-ல் நடைமுறைக்கு வந்தன. வலை போட்டிருக்கும் படகு இரவில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை விளக்கு காட்ட வேண்டும். குறுகலான கப்பல் பாதையில் மீன்பிடிப் படகு பிற கப்பலை மறிக்கக் கூடாது.

இவையெல்லாம் கப்பலுக்கும் படகுக்கும். படகு விட்டுவிட்டு வரும் வலைக்கும் கூட்டுக்கும் அடையாளம் வைப்பது பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வழிகாட்டு நெறிகளை ஏற்றது 2018-ல்தான். அதுவும் கட்டாயமில்லை.

இதற்குள் கடல் நெருக்கமாகிவிட்டது. சென்னைத் துறைமுகம் ஒன்றே இருந்த கரையில், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அடுத்துக் காட்டுப்பள்ளி. சுமார் 30 கிலோமீட்டருக்குள் மூன்று. பெரிய கப்பல் பிரேக் போட்டதும் நிற்காது, கிலோமீட்டர் கணக்கில் ஓடித்தான் நிற்கும். அது வலையை அறுத்துக்கொண்டு போகும். அறுந்த கயிறு கேனோடு மிதந்து இன்னொரு மீனவனின் விசிறியில் சுற்றும். நல்ல மிதவைக்குக் காசு போட்டாலும் அடுத்த வாரம் கப்பல் அறுத்துவிடும் என்பதால், குப்பையில் கிடைக்கும் கேனும் தெர்மாகோலும் கட்டுகிறார்கள். வெண்ணுரை நடுவே வெள்ளைக் கேன் பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது.

"கடலுக்கும் குன்றத்தூருக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் பிறந்த சேக்கிழார், நாகப்பட்டினத்து மீனவர் அதிபத்தரை நாயன்மார் வரிசையில் வைத்துப் பாடியவர். இன்றைய சம்பந்தம் இன்னும் நேரடியானது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நீங்கள் செய்யும் கார்கள் இந்தத் துறைமுகங்களில்தான் கப்பல் ஏறுகின்றன. அந்தக் கப்பல் போகும் தண்ணீரில்தான் இவன் வலை கிடக்கிறது.

அவனிடம் மூன்று சொன்னேன். கேனுக்கு ஆரஞ்சு பெயிண்ட் அடித்துப் படகு நம்பரை எழுது. கயிற்றில் எடை கட்டு, மேலே மிதக்காமல் கீழே தொங்கும். கப்பல் பாதையில் வலை போடாதே. முதல் இரண்டுக்கும் "சரி டீச்சர்" என்றான். மூன்றாவதற்கு, "நண்டு அங்கதானே டீச்சர் இருக்கு" என்றான். என்னிடம் பதில் இல்லை.

தொழிற்சாலையில் பிளாஸ்டிக், எல்.இ.டி. வேலை தெரிந்த என் பிள்ளைகளே, இருட்டில் மினுக்கும், உப்புத் தண்ணீர் தாங்கும், தொலைந்தாலும் மனசு வலிக்காத விலையில் ஒரு மிதவை செய்ய முடியுமா? யோசித்துக் கமெண்டில் எழுதுங்கள். அவனுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்