மதுரைக் கோட்டைக்குள் ஒரு வண்ணப்பெட்டி

கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீட்டு முகப்பில் போன மாதம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வளவின் நடுவே விழுந்த காலை வெயில், ஆத்தங்குடிக் கல்லில் பட்டு, பர்மாத் தேக்குத் தூணின் அடிவரை ஏறி நின்றது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவருக்குத் தன் நிறம் என்று ஒன்று இல்லை. காலையில் இளமஞ்சளாக இருந்தது, வெயில் ஏறியதும் வெளிர்நீலமாகிவிட்டது. வாட்டர் கலர் பழகியவர்களுக்கு இந்தச் சுவர் பிடித்துப்போவதில் வியப்பில்லை. அவர்கள் வெள்ளைக்குச் சாயம் பூசுவதில்லை. காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டுவிடுவார்கள். விட்ட இடம்தான் வெளிச்சம்.

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு, தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: கட்டடத்தைப் பார்த்துப் பார்த்து வரைவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஓவியர்கள் நம் பக்கம் வந்ததுண்டா?

உண்டு. ஆனால் இந்த வீடுகள் எழும்புவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே வந்து போய்விட்டார்கள்.

தாமஸ் டேனியல், இங்கிலாந்தில் ஒரு சத்திரக்காரரின் மகன். 1749-இல் பிறந்தவர். முதலில் கற்ற தொழில், கோச்சு வண்டிகளில் குலச்சின்னங்கள் வரைவது. பிறகு லண்டன் ராயல் அகாடமியில் படித்தார். இயற்கைக் காட்சிகள் வரைந்தார். பெரிதாகப் பெயர் எடுக்கவில்லை. 35 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அண்ணன் மகன் வில்லியமையும் கூட்டிக்கொண்டு 1785 ஏப்ரலில் கப்பல் ஏறினார். வில்லியம் 1769-இல் பிறந்தவன். மீசை முளைக்காத பையன்.

சீனா வழியாகச் சுற்றி 1786-இல் கல்கத்தா. அங்கே நகரக் காட்சிகள் பன்னிரண்டைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். வரைவது, தகடு தேய்ப்பது, அச்சு இழுப்பது எல்லாம் தன் தலையிலேயே விழுந்ததாக நண்பர் ஒருவருக்குத் தாமஸ் எழுதியிருக்கிறார். அதன்பின் கங்கை வழியே இமயமலையின் கட்வால் வரை ஒரு நீண்ட பயணம். திரும்பியதும் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்றார்கள். அந்தப் பணம்தான் தெற்கே வருவதற்கு வழிச்செலவு.

1792 மார்ச் இறுதியில் சென்னைப் பட்டணம் வந்து இறங்கினார்கள். திப்பு சுல்தானோடு கம்பெனி செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மை அப்போதுதான் காய்ந்திருந்தது. ஏப்ரலில் புறப்பட்டு, கம்பெனித் தளபதி கார்ன்வாலிஸின் படை போன தடத்திலேயே ஓசூர், ராயக்கோட்டை, சங்ககிரி என்று கோட்டை கோட்டையாக வரைந்துகொண்டே தெற்கே இறங்கினார்கள். நல்ல கோடையில் பல்லக்கும் மாட்டுவண்டியுமாகப் போன பயணம் அது.

மதுரைக்கு வந்ததும் அவர்களுக்குக் கால் நகரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திருமலை நாயக்கர் மகால் அப்போது பாழடைந்து கிடந்தது. சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்கத் தொடங்கியது 1860-களின் பிற்பகுதியில்தான். அந்த இடிபாட்டை வரைந்தார்கள், அதன் உட்புறத்தையும் வரைந்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்கும் ஒரு படம். இன்று நாம் பார்க்கும் மகாலின் பளபளப்பு அந்தப் படங்களில் இல்லை. நாயக்கர் போய், நவாப் போய், கம்பெனி வந்து நிற்கும் ஊரின் களைப்பு அதில் இருக்கிறது.

அவர்களிடம் ஓர் இருட்டுப்பெட்டி இருந்தது. கேமரா அப்ஸ்கியூரா என்பார்கள். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் பெட்டிக்குள் காகிதத்தின் மேல் விழும். கோபுரத்தின் நிழலுருவத்தைப் பென்சிலால் அப்படியே பிடித்துக்கொள்ளலாம். அதன்மேல் நீர்வண்ணத்தை மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். இவர்களுக்கு முன்பே இந்தியா வந்து வரைந்தவர் வில்லியம் ஹாட்ஜஸ். வட இந்தியப் பயணத்தில் அவருடைய படங்களை அந்தந்த இடத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, அளவு பிசகியிருக்கிறது என்று இவர்கள் குறைப்பட்டதுண்டு. தூண் எத்தனை, இடைவெளி எவ்வளவு என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

மனிதர்கள் விஷயத்தில் அந்தப் பிடிவாதம் இல்லை. படத்தில் வரும் நம்மவர்கள் எல்லோரும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட சின்னச் சின்ன உருவங்கள். இவர்கள் மதுரையில் வரைந்த அந்த 1792-இல், பக்கத்திலேயே சிவகங்கைச் சீமை மருது சகோதரர்கள் கையில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில், 1801-இல், அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினார்கள். அந்தக் கொதிப்பின் சாயல்கூட இந்த அமைதியான படங்களில் விழவில்லை. எனக்கு இது ஆற்றாமைதான்.

மதுரைக்குப் பிறகு பாபநாசம் அருவி, குற்றாலம், களக்காட்டுப் பக்கமிருந்து தெரியும் தென்கோடி மலைகள், காவிரியிலிருந்து திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், அதன் நந்தி. பிறகு மாமல்லபுரம். இந்த முறையும் சென்னையில் சீட்டுக் குலுக்கிப் படங்களை விற்றுவிட்டு, 1793-இல் பம்பாய்க்குப் போனார்கள். 1794-இல் ஊர் திரும்பினார்கள்.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான். செப்புத்தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கினால் பொடி ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் முக்கினால் துகள்களுக்கு இடையே மட்டும் அரிக்கும். அதிக நேரம் அரித்த இடம் அச்சில் கறுக்கும், குறைந்த நேரம் அரித்த இடம் மென்சாயலாக விழும். அக்வாடின்ட் என்று இதற்குப் பெயர். அச்சிட்ட தாளுக்குக் கையால் நிறம் தீட்டுவார்கள். இப்படி 144 படங்கள், 1795 முதல் 1808 வரை பதின்மூன்று வருஷ வேலை. 'ஓரியண்டல் சீனரி' என்ற அந்தத் தொகுப்பின் முழு விலை 210 பவுன்.

படம் அங்கேயே நிற்கவில்லை. சீமையின் மண்பாண்டக்காரர்கள் நீலமும் வெள்ளையுமான தட்டுகளில் இந்தக் கோபுரங்களையும் மண்டபங்களையும் அச்சிட்டு விற்றார்கள். கிளாஸ்டர்ஷயரில் சார்லஸ் காக்கரெல் என்ற பழைய கம்பெனிக்காரர் செசின்கோட் என்னும் மாளிகையை இந்தியப் பாணியில் கட்டியபோது தாமஸ்தான் யோசனை சொன்னார். அங்கே தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள் படுத்திருக்கின்றன. பிறகு ஒரு காலம் வந்தது. நம் நகரத்தார் முகப்புகளின் உச்சியில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையாக ஏறி நின்றான். நந்தி அங்கே போனதற்கும் சிப்பாய் இங்கே வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு நூறு வருஷம் இருக்கலாம்.

வில்லியம் பின்னாளில் பிரிட்டன் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 படங்கள் வெளியிட்டார். சிற்றப்பாவைப் போலவே அகாடமி உறுப்பினரானார். 1837-இல் சிற்றப்பாவுக்கு முன்பே போய்விட்டார். தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. கூடவே பெட்டி தூக்கிக்கொண்டு வந்த பையனைப் பறிகொடுத்துவிட்டு மூன்று வருஷம் இருந்து, 1840 மார்ச்சில் 91-ஆவது வயதில் கண்ணை மூடினார்.

மதுரையில் அந்த நாட்களில் கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். ஊர் விரிய இடம் வேண்டுமென்று கோட்டைச் சுவரை இடிக்க வைத்தார்; அகழி தூர்ந்தது; அந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. வேலையை நடத்திய மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இரண்டு வீதிகளுக்கு நிலைத்துவிட்டன. டேனியல்கள் வரைந்த படங்களில் ஒன்றின் தலைப்பு 'மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி'. கோட்டை போய்விட்டது. தலைப்பில் மட்டும் அது இருக்கிறது.

(தொடரும்)