படகுகளைப் பிணைக்கும் தூண்

தொல்குடி மாணவர்க்குப் பல்கலைக்கழகம் செய்யத்தக்கது யாது என்று வினவினால், உதவித்தொகை என்றே நாம் உடனே விடையிறுப்போம். நியூசிலாந்து மாவோரி மாணவர்தம் வரலாறு அவ்விடை போதாது எனக் காட்டுகிறது.

1893ஆம் ஆண்டிலேயே அபிரானா ஙாட்டா என்னும் மாவோரி இளைஞர் கான்டர்பரிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்நாட்டுப் பல்கலைக்கழகக் கல்வியை நிறைவுசெய்த முதல் மாவோரியர் அவரே. ஆயினும் தனியொருவர் பட்டம் பெறுதல் வேறு. ஒரு சமூகம் பல்கலைக்கழகத்தில் உரிமையோடு குடியேறுதல் வேறு. அதற்கு மேலும் பல தலைமுறைகள் சென்றன. அதற்கிடையே மொழி தேய்ந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் பலர் அடிபட்டனர். அடித்தவர்கள் ஆசிரியர்கள் என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது. ஆங்கிலமே பிழைக்கும் வழி என்று எண்ணிய மாவோரிப் பெற்றோரும் இருந்தனர். 1913இல் மாவோரிப் பள்ளிச் சிறாருள் 90 விழுக்காட்டினர்க்கு மேல் தம்மொழி பேசினர். 1975இல் அது ஏறத்தாழ 5 விழுக்காடாயிற்று.

இச்சரிவைக் கண்டு முதலில் எழுந்தவருள் மாணவர் முன்னின்றனர். வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 1967 முதல் கோரோ டியூஸ் மாவோரிமொழி கற்பித்தார். அங்கு மாணவர் ஒரு மொழிக்கழகம் கண்டனர். ஆக்லாந்தில் தோன்றிய ‘ஙா தமதோவா’ என்னும் இளைஞர் இயக்கமும் அவர்களும் கைகோத்தனர். பள்ளிகளில் மாவோரிமொழி கற்பிக்கப்பட வேண்டும் என்று 30,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை 1972 செப்டம்பர் 14ஆம் நாள் ஹானா தே ஹெமாரா தலைமையில் நாடாளுமன்றத்திற்குக் கொண்டுசென்றனர். அந்நாள் மொழிநாளாகி, 1975இல் மொழிவாரமாக விரிந்தது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், அதே பல்கலைக்கழக வளாகத்தில் ‘தே ஹெரெங்கா வாக்கா’ என்னும் மாவோரி மன்றம் திறக்கப்பெற்றது. மாவோரி மரபில் மன்றவீடு மூதாதையின் உடலாகும்: முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். ஊரைவிட்டு வந்த மாணவர் அதனுள் வரவேற்கப்படுகின்றனர், ஒருங்கே உண்கின்றனர், பாய்விரித்து ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர். வரவேற்புரை மாவோரியில் அமைவதே முறை. ஆகவே மொழி அங்குத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நிற்பதில்லை. விருந்தினர் வரும்போதெல்லாம் அதற்குப் பணி உண்டு. நம் பள்ளிகளில் தமிழுக்கு அத்தகைய பணி எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அம்மன்றத்தின் பெயருக்குப் படகுகளைப் பிணைக்குமிடம் என்பது பொருள். வெவ்வேறு முன்னோர் படகுகளின் வழிவந்த குடியினர் ஓரிடத்தில் கூடுவதை அது சுட்டும். 2019இல் பல்கலைக்கழகம் முழுமையும் அப்பெயரையே தன் மாவோரிப் பெயராக ஏற்றுக்கொண்டது.